ஒரு மூட்டை ஜாஸ்தி

'ஜாஸ்தி' என்று யாராவது சொன்னாலே எனக்கு அழுகிய வெங்காய நாற்றம் வந்துவிடுகிறது. சொல் என்ன பாவம் செய்தது? அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்து, தமிழ் வாயில் நன்றாகப் பழகிவிட்ட சொல். போர்ட் பிளேரில் அது இல்லாமல் பொழுது போகாது. கடைக்காரரிடம் "விலை ஜாஸ்தி", பிள்ளையிடம் "வாய் ஜாஸ்தி". ஆபீசில் பக்கத்து மேஜை இந்திக்காரர், இதே குடும்பத்துச் சொல்லைத் தங்கள் ஊரில் அக்கிரமத்துக்கும் சொல்வார்கள் என்றார். "அட போங்க சார்" என்று சிரித்தேன். அப்போது என் வீட்டில் மூட்டை இல்லை.

எனக்கு வேலை ஃபீனிக்ஸ் பே துறைமுக ஆபீசில். கடல் மோசமாகி மெயின்லேண்ட் சரக்குக் கப்பல் தள்ளிப்போனால் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த மழைக்காலத்திலும் அப்படித்தான் தெரிந்தது. உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "ஒரு மூட்டை வெங்காயம் தூக்கிட்டு வந்துருங்க."

"ரெண்டு பேருக்கு மூட்டையா?"

"ஜாஸ்தியா இருந்தா இருக்கட்டும். கெட்டா போயிடும்?"

மூட்டை கட்டிலுக்கடியில் போனது. மேலே பழைய சேலையைப் போட்டு மூடினேன்.

நாலே நாளில் கடைத்தெருவில் வெங்காயம் இல்லை. ஷாதிபூரில் எங்களுக்கு அடுத்த வீடு ஒரு துணிக்கடைக்காரருடையது. அவர் மனைவி வந்து நின்றாள்.

"அக்கா, பொண்ணு பாக்க நாளைக்கு ரங்கத் ஊர்லேருந்து மாப்பிள்ளை வீட்டாளுங்க வர்றாங்க. பிரியாணி ஆக்கணும். ஒரு அஞ்சு கிலோ வெங்காயம் இருக்குமா? சரக்கு ஜஹாஸ் கரைக்கு வந்ததும் வாங்கித் தந்துர்றேன்."

"எங்கிட்ட ஏதும்மா? ரெண்டே ரெண்டுதான் கிடக்கு."

அந்த இரண்டை எடுத்து அவள் கையில் வேறு வைத்தேன். "ரொம்ப நன்றிக்கா" என்று வாங்கிப் போனாள். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி!

மறுநாள் அவள் வீட்டில் வெறும் தேங்காய்ச் சோறும் தண்ணீர்க் குழம்பும். சுவர் மெல்லியது. "ரங்கத்துலயே சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருக்கலாம்" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் கேட்டது. நான் அதே கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சம்பந்தம் அன்றே தட்டிப் போனது.

கப்பல் வந்தது, வெங்காயமும் வந்தது. என் மூட்டையோ ஈரத்தில் நொதித்துவிட்டது. நாற்றம் வாசல் வரை வந்தது. கையை விட்டால் மணிக்கட்டு வரை கூழ், கூழுக்குள் புழு. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கையால் சோறு தின்ன முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நானும் வீட்டுக்காரரும் மூட்டையைக் குப்பைக்கு இழுத்தோம். சரியாக அவள் வாசலில் அடி பிய்ந்து, எல்லாம் கொட்டியது. அவள் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய் விளக்குமாறு கொண்டுவந்தாள்.

"தள்ளுங்கக்கா, வழுக்கிரும்."

நான் கொடுக்காத வெங்காயத்தை அவள் கூட்டி அள்ளினாள். கடைசிக் கூடையை என் கையில் தரும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஜாஸ்தியா கேக்கலியேக்கா. அஞ்சு கிலோதானே?"