சந்தூக்கு திரும்பாத முடுக்கு

நாகர்கோவில் நீதிமன்றத்தில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது, வழக்கைக் கூப்பிட்டதும் வராந்தாவில் முதலில் எழும்பும் ஒரு வெள்ளைத் துப்பட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குளச்சலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடும் உம்மா அவர். வழக்கு ஒன்றும் பெரிதல்ல. உடன்பிறந்த தம்பி அவருடைய வீட்டு முன்வழியை மறித்து மதில் கட்டிவிட்டார்; அதை எடுக்க வேண்டும். பின்பக்கம் வளைந்து போகும் ஒரு முடுக்கு உண்டு. "நடக்கதுக்கு அது போதும் மக்களே," என்றார் ஒருநாள் என்னிடம். "ஆளு செத்தா தூக்குத சந்தூக்குப் பெட்டிதான் அந்த வளைவுல திரும்பாது. எங்க வீட்டுக்காரர மய்யத்தா அதுல வச்சுத் தூக்கும்போ சரிச்சுப் பிடிச்சாவ. உள்ள அவரு உருண்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. என்னையாவது நேரா கொண்டு போவணும்."

தம்பியிடம் சொல்வதற்கு நியாயம் எதுவும் இல்லை, இழுக்கத் தெரியும். வக்கீலை மாற்றினார். நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்து வழியை அளந்தால் அளவு தப்பு, வேறு கமிஷனர் வேண்டும் என்றார். உம்மா சத்தியம் செய்து கூண்டில் நின்றால் வக்கீலுக்குக் காய்ச்சல். விசாரணை முடிந்தால் மறுபடி விசாரிக்க மனு. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் யாருக்கும் வரும். சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முகம் தெரியும். சேர்த்துப் பார்ப்பதற்குள் நீதிபதிகள் மாறிப்போனார்கள். அடுத்த வாய்தாவை நான் சொல்லும்போது உம்மா என் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஆடிச் சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில் கூப்பிட்டபோது துப்பட்டி எழும்பவில்லை. அவருடைய மகள் வந்து நின்றாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்: "உம்மாவையும் சரிச்சுதான் கொண்டு போனாவ, சார்." அவளை வாரிசாகச் சேர்க்கவும் தம்பி ஆட்சேபம் போட்டார், மகள்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். குழந்தையாக அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன் அவர். அப்போது புதிதாக வந்திருந்த நீதிபதி வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "இது வழக்கு நடத்துவதல்ல, நீதிமன்றத்தை வைத்து ஒரு மனுஷியைச் சாகும்வரை காக்க வைத்தது," என்று திறந்த மன்றத்தில் சொல்லி ஆட்சேபத்தைத் தள்ளினார். அதற்குப் பின் தீர்ப்பு வரத் தாமதமாகவில்லை. கோர்ட்டு அமீனா போய் மதிலை இடித்தார். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சந்தோஷமா துக்கமா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஓய்வு பெற்றபின், போன மாதம், குளச்சலுக்கு ஒரு கல்யாண விருந்துக்குப் போனேன். கால் தானாக அந்தத் தெருவுக்குப் போனது. வழியின் முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது போலும், என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஆரத் தேடுதிய?"

உம்மாவின் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டேன். அவர் காலை மடக்கி, நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க ராத்தா வீடுல்லா? நேரா போங்கோ. வழி உண்டு."