வஜ்ஜிரத்தில் போட்ட உப்பு

என் சித்தப்பாவுக்கு வேலை போனது என்னால்தான். அது எனக்குத் தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நாங்கள் அப்போது காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு இருந்தார். தண்டு என்கிற பட்டாளப் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கிளப் ஒன்றில் பில்லியர்ட்ஸ் மார்க்கர் வேலை. துரைகள் ஆடும்போது புள்ளி சொல்ல வேண்டும், பந்துகளைத் துடைத்து வைக்க வேண்டும். பந்தைக் குத்தும் நீளக் கோலுக்குக் கியூ என்று பெயர். அது பழுதானால் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பித்தான் ஒட்டி வாங்குவார்கள். அந்த வேலையை எனக்கே கொடுங்கள் என்று சித்தப்பா செக்ரட்டரி துரையை நச்சரித்துக்கொண்டே இருந்தார். அது கிடைத்தால் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் பெண் கொடுப்போம் என்று ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை மாதா கோயிலில் பார்த்துப் பார்த்து சித்தப்பாவுக்குப் பூசை முழுவதும் கழுத்து ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.

பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்தில் ஒரு நாள் செக்ரட்டரியின் சொந்தக் கியூவே மூட்டில் விட்டுக்கொண்டது. முன்பக்கம் வெள்ளை மரம், பிடிக்கும் பக்கம் கருமரம். இரண்டும் விரல்கள் கோத்த மாதிரி சேரும் இடம் அது. துரை கியூவோடு சீமைப் பசை ஒரு புட்டியும் கொடுத்தார். சித்தப்பா புட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“நுனியில இருக்கற தோலு வில்லைக்கு அது போதும் பாப்பா. தினம் இடி வாங்கற மூட்டுக்கு வஜ்ஜிரம்தான் நிக்கும்” என்றார் என்னிடம். துரை நீட்டியதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்கள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அம்மா இரண்டு நாள் அதையே சொல்லி மாய்ந்துபோனாள்.

வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி வில்லையாக்கி விற்கும் பசை. முந்தின நாளே ஊறப்போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்துக் கொதிக்கவிடாமல் இளக்க வேண்டும். சித்தப்பா அதை இளக்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வூடெல்லாம் எலும்பு நாத்தம்! கவுச்சி தொடாம சுத்தபோசனம் பண்ற வூடா இது?” என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நான் அந்த வருஷம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தேன். எங்கே யார் பாவம் செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் போலீஸ்காரரே என்னிடம் தோற்றுப்போவார். தபசுக்கால வெள்ளிக்கிழமையில் மாட்டை அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிற சித்தப்பா நேராக நரகத்துக்குப் போய்விடுவாரே என்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. சித்தப்பா என்றால் எனக்கு அத்தனை உயிர். அம்மா வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பு வைத்திருந்தாள். புது வீட்டுக்கும் கிணற்றுக்கும் தீமை அண்டாமல் இருக்க அதைத்தான் போடுவார்கள். சித்தப்பா கியூவின் மூட்டைச் சுரண்டிக் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் ஒரு பிடி உப்பைச் சட்டியில் போட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, நன்றாகக் கலக்கிவிட்டேன்.

அன்று வஜ்ஜிரம் இறுக நேரமானது. குளிர் காற்று என்று சித்தப்பா சமாதானம் சொல்லிக்கொண்டு, கயிறு சுற்றி மூன்று நாள் அப்படியே வைத்திருந்தார். மூட்டு நின்றது. துரை ஆடிப் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்து, வேலையையும் நிரந்தரமாக்கினாராம். பாஸ்கு முடிந்து, கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். எல்லாம் என் உப்பின் மகிமை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கோடையில் வரும் மாங்காய் மழை பிடித்துக்கொண்டது. உப்புக் கலந்த வஜ்ஜிரம் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு நெகிழ்ந்துவிடும் என்று வெகுகாலம் கழித்து என் வீட்டுக்கு அலமாரி செய்ய வந்த தச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். கிளப்பில் விருந்தாளிகள் நடுவில் செக்ரட்டரி ஓங்கிக் குத்தியபோது மூட்டு கழன்று, கியூவின் முனை மேஜையின் பச்சைத் துணியை ஒரு முழத்துக்குக் கிழித்துவிட்டது. புட்டியை வேண்டாம் என்றவன் நீதானே என்று கேட்டு, அங்கேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சித்தப்பா இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூட்டில் பிசுபிசுத்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். சுரூபத்தின் பக்கம் ஒரு முறை திரும்பினார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிடா ஆச்சு?” என்றார் அப்பா.

“கொதிக்க விட்டுட்டேண்ணா. கொதிச்சா வஜ்ஜிரம் நிக்காது. தப்பு என்னுதுதான்.”

ஜீவனஹள்ளிக்காரர்கள் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா கோலாருக்குச் சுரங்க வேலைக்குப் போய், கல்யாணமே செய்துகொள்ளாமல் அங்கேயே இறந்துபோனார். லீவில் வரும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் வாங்கி வருவார். ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

சித்தப்பாவுக்கு வேலை போன அந்த வாரச் சனிக்கிழமை, நான் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வஜ்ஜிரம் கொதிக்கவே இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன், எங்கள் சித்தப்பா அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டார் சாமி என்று முறையிட்டேன்.

“அவுரு பாவம் இருக்கட்டும்மா. உன் பாவத்தச் சொல்லு” என்றார் சாமியார்.

இந்த வாரம் என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன்.