பதினான்காவது நிமிடம்

நாற்பத்தோரு வயதில் மறுபடி மாணவியானேன். அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து பல்கலைக்கழகம் பக்கம்தான். ஆனாலும் புதன்கிழமை மட்டும்தான் நேரில் வகுப்பு. மற்றபடி பேராசிரியர் பதிவு செய்து அனுப்பும் வீடியோக்களை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போக வேண்டும். புள்ளியியல் பாடம். படிப்பை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்த எனக்கு இந்த ஏற்பாடு வசதியாகவே பட்டது. புரியாவிட்டால் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான்காவது வார வீடியோவில், பதினான்காவது நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு அவர் எப்படிப் போனார் என்று விளங்கவே இல்லை. டைனிங் டேபிளில் உட்கார்ந்து அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

எதிரே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள், "அம்மா, ஹி ஆல்ரெடி செட் தட்" என்றாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

கணவரிடம், "எனக்கு இது செட் ஆகாது போல. கோர்ஸ டிராப் பண்ணிடலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

"இந்த வாரம் கிளாசுக்குப் போயிட்டு வா. அப்புறம் டிசைட் பண்ணு."

அந்தப் புதன்கிழமை பேராசிரியர் பாடம் எடுக்கவில்லை. பாதி வீடியோ, பாதி வகுப்பு என்ற இந்த முறை எப்படி இருக்கிறது, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். வேலைக்குப் போகிறவர்கள் வசதி என்றார்கள். ஒருவர், வீட்டில் தனியாகப் பார்த்தால் தூக்கம்தான் வருகிறது என்றார். என் முறை வருவதற்குள் பேராசிரியர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். வீடியோவில் எந்த இடம் அதிகமாகத் திரும்பப் பார்க்கப்பட்டது என்று அதில் தெரியுமாம். நான்காவது வாரத்தில், தரையோடு போய்க்கொண்டிருந்த கோடு பதினான்காவது நிமிடத்தில் மலை மாதிரி எழும்பி நின்றது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த மலை முழுக்க நான்தான் என்று நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைப் பெண் என் பக்கம் குனிந்தாள். "அக்கா, அது நான்தான்க்கா. மானமே போச்சு."

"நீயா? நான்னுல்ல நெனச்சேன்!"

அங்கே மாட்டிக்கொண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பேராசிரியர். எல்லோரும் தயங்கினார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு ஏறக்குறைய வகுப்பு முழுவதுமே. அவர் அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

"அடப்பாவி" என்றாள் மதுரைக்காரி. நல்லவேளை, அவளைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் முறை வந்தபோது எழுந்து சொன்னேன். எனக்கு வீடியோ இல்லாமல் முடியாது. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது, நமக்கு மட்டும்தான் புரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். வகுப்பின் முதல் அரை மணி நேரத்தை, புரியாததைச் சொல்வதற்கு ஒதுக்குங்கள். என் ஆங்கிலம் இரண்டு இடங்களில் தடுமாறியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் அப்படியே செய்தார்.

வகுப்பு முடிந்து வந்தபோது கணவர் பார்க்கிங்கில் காத்திருந்தார். "எப்படிப் போச்சு?"

"எல்லாம் சொல்றேன். மொதல்ல எங்கயாவது தோசை சாப்பிடலாம். பயங்கரமா பசிக்குது."

நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.