தோட்டா சிக்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலைகளில் நாங்கள் பனிக்குள்தான் கார் ஓட்டிப் போனோம். செகந்திராபாத்தின் லோத்குண்டாவில் எங்கள் தெருவைத் தாண்டியதும் ராணுவ நிலத்தின் மதில் நீளமாகக் கூடவே வரும். மதிலுக்கு மேலே மரங்களின் தலைகள் மட்டும் தெரியும். கீழே பனியில் எதுவும் தெரியாது. வெள்ளைத் துணியில் யாரோ பச்சையை ஒற்றி எடுத்ததுபோல அவை மிதந்துகொண்டு நிற்கும். கணவர் எதுவும் பேசாமல் ஓட்டுவார். பின்சீட்டில் பூட்டிய சின்னப் பெட்டிக்குள் அவருடைய புதுக் கைத்துப்பாக்கி இருக்கும். தோட்டாக்கள் டிக்கியில் தனியாக. என் மடியில் இட்லி டப்பா.

அவர் குடியாத்தம் பக்கம் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய், கடைசியில் செகந்திராபாத்தில் ஓய்வு பெற்றார். எனக்கு இங்கே ரயில்வே அலுவலகத்தில் வேலை. அதனால் இங்கேயே தங்கிவிட்டோம். ஓய்வுக்குப் பிறகு நகைகளை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும் ஒரு தனியார் கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரியானார். வேலைக்காக உரிமத்தோடு ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். அது கனமானது. சட்டைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். போலீஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, அதைக் கொடுத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பிஸ்டலை வாங்கினார். வாங்கி வந்த அன்று அதை மேசைமேல் வைத்துவிட்டுப் புதுக் கண்ணாடி வாங்கியவர்போலக் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் வீட்டிலிருக்கும் இன்னொருவருக்கும் அதைப் பத்திரமாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சுடுபயிற்சி மையத்தில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்திருந்தார். அங்கே நான் மையத்தின் சிறிய பயிற்சித் துப்பாக்கியால் சுடுவேன். குறி சுமார்தான். எனக்குப் பிடித்தது வேறு. காதுக்கு மூடி போட்டதும் உலகம் சட்டென்று தூரமாகிவிடும். என் மூச்சு எனக்கே கேட்கும். பனி விலகாத திடலின் கோடியில் காகித வட்டங்கள் வரிசையாக வெளுத்து நிற்கும். வெடிச்சத்தம்கூட அடுத்த தெருவில் யாரோ கதவு சாத்துவதுபோலத்தான் வரும்.

புதுத் துப்பாக்கி முதல் நாளே தகராறு செய்தது. ஒன்றிரண்டு முறை சுடும், அடுத்த தோட்டா உள்ளே ஏறாது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பாதி வழியில் நிற்கும். மேலே ஓடுகிற ஸ்லைடு மூடாமல் அதன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். பட்டாளத்தில் இதற்கு 'ரோக்', அதாவது தடங்கல், என்று பெயராம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. விரலை விசையிலிருந்து எடுத்து, குழல் இலக்கை விட்டு அசையாமல் பிடித்து, தோட்டாக்கள் அடங்கிய மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, சிக்கியதை உதறி வெளியே தள்ளினார். திரும்பவும் சுட்டார். திரும்பவும் சிக்கியது.

"புதுசு. கொஞ்சம் பழகணும்," என்றார்.

பழகவில்லை. அதன்பின் ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. பழைய இந்தித் தினசரியை விரித்து, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று அவர் ஒருமுறை, நான் ஒருமுறை பார்த்த பிறகு கழற்றுவார். தொழிற்சாலையில் பூசிய கெட்டி மசகு உள்ளே இருக்கலாம் என்று முதலில் அதையெல்லாம் துடைத்து, புதிதாகத் துளி எண்ணெய் விட்டார். அடுத்த வாரமும் சிக்கியது. தோட்டாக்கள் ஈரம் பிடித்திருக்கலாம் என்று வேறு பெட்டி வாங்கினார். சிக்கியது. மேகசின் இரண்டில் எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க, நான் என் நகப்பூச்சால் ஒன்றின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்ததும் சிக்கியது, வைக்காததும் சிக்கியது.

எனக்கு அந்த மதியங்கள் பிடித்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். திரைச்சீலை வழியாக வெயில் தேன் நிறத்தில் இறங்கும். எண்ணெய் வாசம் அறையில் மெல்லப் பரவும். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன். மேகசினின் ஸ்பிரிங்கைத் திரும்ப உள்ளே நுழைக்க அவருக்கு வரவர நேரம் பிடித்தது. விரல்கள் ஒரு யோசனையில் நின்றுவிடும். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அந்த நிதானமும் மதியத்தோடு சேர்ந்ததாகவே எனக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை வாங்கிய கடைக்கே போனோம். பழைய நகரப் பக்கம், குறுகலான படி ஏறிப் போகும் கடை. கடைக்காரர் தன் மெக்கானிக்கிடம் கொடுத்தார். மருந்தில்லாத போலித் தோட்டாக்களை மேகசினில் போட்டு, கையால் ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டார்கள். ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல உள்ளே போய் வெளியே வந்தது. உள்வழியைக் கொஞ்சம் தேய்த்து வழவழப்பாக்கலாமா என்று கணவர் கேட்டார். அது மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம், தேய்த்துவிட்டால் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் தடுத்தார்.

"குச் நை ஹோதா சாப். நயா ஹை, பைட் ஜாயெகா," என்று தேநீர் வரவழைத்தார். ஒன்றுமில்லை, புதுசு, தானே படிந்துவிடும் என்று அர்த்தம்.

படி இறங்கும்போது கணவர் முகம் சுண்டியிருந்தது. நேற்றுச் சேர்ந்த பையனுக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்புகிறான் என்று முனகினார். வழக்கமாகப் படியில் எனக்காக நிற்பவர் அன்று நிற்கவில்லை. பின்னாலேயே போன நான் அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இடது கை நடைக்குத் தக்கபடி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. வலது கை மட்டும் எதையோ பிடித்திருப்பதுபோல உடம்போடு ஒட்டி நின்றது. கையில் ஒன்றுமில்லை. பெட்டி என்னிடம் இருந்தது.

அடுத்த நாள் பனி இன்னும் அடர்த்தி. சுடுதளத்தின் பயிற்சியாளர் ஒரு தெலுங்குப் பெண். மாநில அளவில் சுட்டவர், அளந்து பேசுகிறவர். சில வாரங்களாக அவர் எங்கள் பின்னால் நின்று இந்தச் சிக்கலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று முதல் தோட்டாவிலேயே ரோக் விழுந்ததும் பக்கத்தில் வந்தார். உரிமக்காரரே அருகில் இருப்பதால் பரவாயில்லை என்று சொல்லி, கணவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஒக்கசாரி மீரு கால்ச்சண்டி, அக்கா," என்றார். ஒருமுறை நீங்கள் சுட்டுப் பாருங்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சின்னப் பிஸ்டல் கைக்குள் ஒரு குருவியைப்போல அடங்கினாலும், சுட்டதும் உதைத்தது. சுட்டேன். அடுத்தது தானாக ஏறியது. அடுத்ததும் ஏறியது. மேகசின் தீர்ந்து ஸ்லைடு பின்னால் போய் நின்றது. பொட்டு வைத்த மேகசினையும் போட்டுக் காலி செய்தேன். ஒன்றும் சிக்கவில்லை. குறி எங்கெங்கோ போயிருந்தது, அது வேறு விஷயம்.

கணவர் குழந்தைபோலச் சிரித்தார். "படிஞ்சிடுச்சு பாரு," என்று என்னிடமிருந்து வாங்கினார். இரண்டாவதிலேயே சிக்கியது.

பயிற்சியாளர் அவரை இடது கையால் சுடச் சொன்னார். பழக்கமில்லாத கை. அவர் கால்களை மாற்றி வைத்துக்கொண்டு நிதானமாகச் சுட்டார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தோட்டாக்களும் சமர்த்தாக ஏறின. மறுபடி வலது கைக்கு மாற்றச் சொன்னார். சிக்கியது.

பயிற்சியாளர் எங்களை ஒரு பக்கமாக அழைத்துப் போய், தாழ்ந்த குரலில், இந்தியும் தெலுங்குமாகச் சொன்னார். சுடும்போது ஸ்லைடு முழுசாகப் பின்னால் ஓடினால்தான் அடுத்த தோட்டாவைச் சரியாக அள்ளிக்கொண்டு வரும். அது ஓடுவதற்குப் பிடித்திருக்கும் கை எதிர்த்து நிற்க வேண்டும். மணிக்கட்டு கூடவே வளைந்து போனால் ஸ்லைடு பாதியில் திரும்பிவிடும். சிறிய துப்பாக்கிகள் இதில் இன்னும் பிடிவாதமானவை. புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு இது சகஜம். இத்தனை வருஷம் சுட்ட சாருக்கு வரக் கூடாது. பிஸ்டலில் ஒன்றுமில்லை, கையை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் எழுந்து, பனி கிழிந்து கிழிந்து வயல்மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"சட்டைப் பட்டன் போட முடியல," என்றார். "ரொம்ப நாளா. நீ குளிக்கப் போறப்ப போட்டுக்குவேன், நேரமாகும்னு. கைக்கு ஏதோ ஆயிருக்குன்னு தெரியும். பழியைத் துப்பாக்கி மேல போட்டுட்டா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு."

அவர் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று மெல்ல உரசிக்கொண்டே இருந்தன, மணலை எண்ணுவதுபோல. லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

நரம்பு மருத்துவர் அவரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார். அப்புறம் பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மருந்து இருக்கிறது, பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார். கணவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "நாளைக்கே கம்பெனியில சொல்லிடறேன். இந்தக் கையை நம்பி நாலு பேரை வண்டியில ஏத்தக் கூடாது," என்றார். சொன்னபடியே செய்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வேலையிலாவது இருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாள் போய்வந்து, பிறகு அதையும் விட்டுவிட்டார்.

துப்பாக்கியை அதே கடையில் ஒப்படைத்தோம். முறைப்படி அனுமதி வந்து, நகருக்கு வெளியே மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் வாங்க வந்தார். ஏன் இவ்வளவு சீக்கிரம் விற்கிறீர்கள், ஏதாவது கோளாறா என்று சந்தேகமாகக் கேட்டார். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். இந்தியில்தான் சொன்னார். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே ஏறும், என் கைதான் சரியில்லை என்றார். எங்கெல்லாம் துடைக்க வேண்டும், எவ்வளவு எண்ணெய் போதும் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். அந்த மனிதர் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. படியில் இறங்கி நின்றுகொண்டேன்.

இப்போது மாத்திரைகள் அவருக்கு நிறையக் கனவுகளைக் கொண்டுவருகின்றன. அப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அதிகம் பேசாத மனிதர், காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அவற்றைச் சொல்கிறார். நான் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டபடியே கேட்பேன். பனிமலையில் ஒரு தபால் நிலையம், அதில் தபால்தலைக்குப் பதில் இலைகள். தண்ணீருக்கு மேலே நடக்கும் அணிவகுப்பு, யாருக்கும் பூட்ஸ் நனையவில்லை.

நேற்றுக் காலை சொன்னது ஒரு ரயில். என் அலுவலகத்தில் உள்ள எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தார்களாம். எல்லோரும் தெலுங்கில் பேசினார்களாம்.

"எனக்கு எல்லாம் புரிஞ்சுது," என்றார் ஆச்சரியமாக. இத்தனை காலம் இங்கே இருந்தும் காய்கறி வாங்குகிற தெலுங்கைத் தாண்டாதவர் அவர்.

"நான் என்ன பேசினேன்?" என்று கேட்டேன்.

"நீ பேசல. ஜன்னல் ஓரமா தூங்கிட்டிருந்த. எந்த ஸ்டேஷன்ல எழுப்பணும்னு அவங்ககிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்."

கடைசிப் பட்டனைப் போட்டு, காலரைச் சரிசெய்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். ஞாபகமில்லை என்றார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.