அளவுக்காரி வாங்கிய அடி

அந்தக் குடிசைப் பகுதியில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். படித்தது கட்டடக்கலை. கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக நுழைந்தாள். தையல் மெஷின் எங்கே நிற்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு எந்தப் பக்கம் காற்று வரவேண்டும் என்று கேட்டுக் கேட்டே வரைபடம் போட்டாள். குடிசைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் மூன்று மாடி. கீழே கடைகள், மேலே வீடுகள். யாரும் ஊர்க்கோடிக்குப் போகவேண்டாம்.

ரோட்டை ஒட்டிய பாதியில் வசதியானவர்களுக்கு அடுக்குமாடி கட்டி விற்கப் பார்த்தான் கட்டட வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர். அவள் மசியவில்லை. அவளுடைய அண்ணன் மூலம் சொல்லிப் பார்த்தான்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? பேசாம ஒதுங்கிக்க" என்றார் அண்ணன். அவள் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தாள்.

ஒரு ஞாயிறு காலை, பொதுக்குழாய் அருகே அட்டையில் செய்த கட்டட மாதிரியை வைத்து எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். வேனில் வந்து இறங்கியவர்கள் கையில் இரும்புக் கம்பிகள். முதல் கம்பி மாதிரியை நொறுக்கியது. அடுத்தது, அதைத் தடுக்க நீண்ட அவள் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சுருண்டு விழுந்தவளை வயிற்றில் மிதித்தார்கள். குறுக்கே வந்த இஸ்திரிக்காரரின் மண்டை பிளந்தது. பெண்கள் குடத்தால் அடித்தார்கள்; அவர்களுக்கும் விழுந்தது.

கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்தார். அவளை மிதித்தவன் கையைத் தூக்கித் தடுக்க, இரண்டு விரல்கள் சேற்றில் போய் விழுந்தன. மற்றவர்கள் அவரை வளைத்து முழங்கால்களை அடித்து உடைத்தார்கள். தார்ப்பாய்க் கூரைகளுக்குத் தீ வைத்துவிட்டு வேன் பறந்தது. பிறகு போலீஸ் வந்து கறிக்கடைக்காரரைத்தான் தூக்கிக்கொண்டு போனது.

ஏவிவிட்ட காண்ட்ராக்டரே கைவிட்ட ஆத்திரத்தில், விரல் போனவன் கோர்ட்டில் எல்லாவற்றையும் கக்கினான். காண்ட்ராக்டர் உள்ளே போனான். வேறு ஆளை வைத்துக் கட்டட வேலை தொடங்கியது.

தங்கை வீட்டில் ஒண்டியிருந்த கறிக்கடைக்காரரின் மனைவியைத் தேடி அளவுக்காரி போனாள்.

"உங்க படத்துக்காக எங்க வீட்டுக்காரரு ஜெயில்ல கிடக்காரு. இப்ப எதை அளக்க வந்தீங்க?" என்று கதவைச் சாத்தினாள் அந்த அம்மா.

அளவுக்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறி, தரை சுட்டது. கடைசியில் கதவு திறந்தது.

"எங்களுக்குக் கடையை ஒட்டுன கீழ் வீடுதான் வேணும். கதவை அகலமா வைங்க. அவரு வெளிய வந்தாலும் ரெண்டு பேரு தாங்கித்தான் கூட்டிட்டு வரணுமாம்."

அந்த வீட்டைத்தான் அளவுக்காரி முதலில் கட்டி முடிக்கவைத்தாள். அந்த அம்மா குடிவந்தாள். அளவுக்காரியை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே கூப்பிடவில்லை.