ஸ்டெல்லா அக்காவின் வீடும் எங்கள் சம்பால் தொழிலும்

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மருமகளாக வந்த புதிதில், காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். நான் பிறந்த மலேசியாவின் ஈப்போவில் அது வெறும் நலவிசாரிப்பு. எங்கள் தெருவிலுள்ள பெண்கள் விடுதியில் சமைக்கும் ஸ்டெல்லா அக்கா, நான்தான் பசியோடு இருக்கிறேன் என்று நினைத்து, தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்து கொடுத்தார். அப்படித்தான் பழகினோம். பிறகு இருவரும் சேர்ந்து, நெத்திலியும் மிளகாயும் போட்டுக் கிண்டும் எங்கள் ஊர்ச் சம்பாலைச் செய்து விடுதிப் பெண்களுக்கு விற்றோம். தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் வேண்டும் என்றார். ஆனால் தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம்.

நானும் அக்காவும் போனபோது ஆடிட்டர் முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்? அவர் பேர்ல ப்ரொப்ரைட்டர்ஷிப் போட்டா சிம்பிள்." தொழில் எங்கள் இருவருடையது, பார்ட்னர்ஷிப் போடுங்கள் என்றேன். அப்படியானால் நஷ்டம் வந்தால் இருவரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கினார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"பீர்க்கன்கரணைல எனக்குன்னு கீறது அந்த வூடு ஒண்ணுதான்மா. என்னை சம்பளத்துக்கு வெச்சுக்கோ, போதும்" என்றார்.

சம்பளம் என்ற அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஈப்போவில் அம்மாவின் நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் விற்கும் கடை, அம்மா பெயரில் மட்டும்தான் இருந்தது. அமினா அக்கா இருபது வருடம் அதில் சம்பால் கிண்டினார். அம்மா கடையை விற்ற அன்று, எந்தக் காகிதத்திலும் பெயரில்லாத அவர், தன் கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா கெட்டவர் இல்லை. யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஆடிட்டரிடம் தனியாகப் போய், போட்ட முதலோடு நஷ்டம் நிற்கிற வழி உண்டா என்று கேட்டேன். எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப், போடலாம் என்றார். வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், என் மலேசிய பாஸ்போர்ட்டால் கூடுதல் காகிதமும் அலைச்சலும் உண்டு என்றார். ஆகட்டும் என்றேன். அடுத்த முறை அக்காவையும் அழைத்துப் போனேன்.

"பேங்க்ல என் வூட்டுப் பத்திரம் கேட்டா?" என்று அக்காவே அவரிடம் கேட்டார்.

"குடுக்காதீங்கம்மா. ஜாமீனா குடுத்துட்டா எல்எல்பி உங்களக் காப்பாத்தாது."

அக்கா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைக் கேட்டார்.

பதிவுப் படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்து என் முறை. என் பெயருக்கு நேரே, குடியுரிமை மலேசியா என்றிருந்தது. அதற்குக் கீழே, இந்தியாவில் வசிப்பவரா என்ற கேள்விக்கு ஆம் என்றிருந்தது. இரண்டும் சரிதான் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டேன்.