பெரியத்தானின் பேஸ் பெட்டி

அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுவர வாசல் இரும்புக் கதவைக் கீலிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. தேக்கு நிறம் பூசிய பிளைவுட், என் இடுப்பு உயரம், முன்பக்கம் கறுப்புத் துணி, துணிக்குப் பின்னால் தோசைக்கல்லை விடப் பெரிய ஒரு கூம்பு. பெரியத்தான் அதன் முதுகில் செல்லமாகத் தட்டி, "சப்வூஃபர்" என்றார். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். சிங்கப்பூரில், பிடோக்கில் இருந்த எங்கள் மூவறை வீட்டில் அது போய் நின்ற இடம், குழந்தையின் தொட்டிலுக்காக நான் ஒதுக்கியிருந்த மூலை. "மூலைல வெச்சாதாம்மா பேஸ் தூக்கும்" என்றார். பாட்டின் கீழ்ச்சுருதியைத்தான் அவர் பேஸ் என்பார். தொட்டில் சமையலறை ஓரத்துக்குப் போனது. என்னை யாரும் கேட்கவில்லை. மகளுக்கு இப்போது ஆறு வயது. அன்று தொட்டிலை இழுத்துக்கொண்டு போனபோது கையில் ஏறிய எரிச்சல் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

பெரியத்தான் என் கணவரின் அண்ணன். எங்கள் கோவிலில் மைக் செட் பொறுப்பு அவருடையது. திருப்பலியில் ஃபாதரின் குரல் கரகரத்தால் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பும். அவர் ஒரு குமிழைத் தொட்டதும் சரியாகிவிடும். அதனால் ஒலி என்ற விஷயத்தில் பங்குச் சபை முழுவதற்கும் அவர் சொன்னதுதான் சட்டம். என் கணவர் ஓர் அலுவலகத்தில் நூறு பேருக்கு மறுப்புச் சொல்லும் வேலையில் இருந்தவர். அண்ணனிடம் மட்டும் அவருக்கு மறுப்பு வராது.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பிரசவத்துக்குப் பின் வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். பால் சூடு சரியா, காய்ச்சல் அடிக்கிறதா, கதவைத் தாழிட்டேனா என்று எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிற ஆள் நான். குழந்தை தூங்கும் நேரத்தில், அது விழித்துக்கொள்ளாத சத்தத்தில், வார்த்தை புரியும்படி ஒரு பாட்டு கேட்க முடிந்தால் அந்தப் பயங்கள் கொஞ்சம் அடங்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிய கையோடு, கால்வாய்ப் பக்கம் இருந்த ஒலிச்சாதனக் கடைகளுக்குப் போவேன். கையில் என் சொந்தப் பாட்டுக் கேசட். எங்கள் பட்ஜெட்டுக்குள் வரும், புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்வேன். மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்கள். நான் குறைத்துக் கேட்டேன். குறைத்தால் பெரும்பாலான பெட்டிகள் முணுமுணுத்தன. ஒரு ஜோடி மட்டும் குறைத்த பிறகும் பேசியது. அதையே வாங்கினேன். வீட்டில் அதைச் சுவரை ஒட்டி வைத்தால் கீழ்ச்சுருதி தானாகக் கூடுகிறது, இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினால் பாடகியின் குரல் தெளிகிறது என்பதெல்லாம் நானே நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்தவை. எந்த முடிவையும் மறுநாள் சந்தேகப்படுகிற நான் அந்த ஸ்பீக்கர்களைச் சந்தேகப்படவே இல்லை.

பெரியத்தான் வந்தார். என் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பார்த்தார். குழந்தையைப் பார்க்க வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

"என்னடா இது, தம்பி? சோப்பு டப்பா வாங்கியிருக்கே."

"அவதாண்ணே செலக்ட் பண்ணா" என்றார் என் கணவர், சிரித்துக்கொண்டே.

"அதான பாத்தேன். பொம்பளைங்க கலர் பாத்துல்ல ஸ்பீக்கர் வாங்குவாங்க. பேஸ் எங்கம்மா இதுல? கொசு பாடுற மாதிரி இருக்கு லா."

கூடம் சிரித்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து காப்பி குடிக்கும்போது "சோப்பு டப்பா எப்படிப் பாடுது?" என்று எனக்குச் சரியாக முகம் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். எல்லாக் கேலியையும் மனதில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம்தான் அந்தப் பெட்டி வந்தது, அவரே தச்சனிடம் சொல்லிச் செய்து, தனி ஆம்ப்ளிஃபையரோடு. அவர் வந்து பாட்டுப் போடும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும், குழந்தை வீரிட்டு அழும், கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பேன். ஒரு நாள் பெட்டியின் மேல் வைத்த பால் போத்தல் மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது. அதைத் துடைத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு யோசனைதான் வந்தது.

அக்டோபர் மாதம் செபமாலைக்காக மாதா சுரூபம் எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாக வரும். அந்த ஆண்டு எங்கள் முறை. பெரியத்தான் மத்தியானமே வந்து, பெட்டியின் மேல் வெள்ளை லேஸ் துணி விரித்து, சுரூபத்தைத் தூக்கி வைத்தார்.

"அத்தான், அதுமேல வெச்சா நகரும். பால் போத்தல் விழுந்துடுச்சு" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"போத்தல் லேசும்மா. சுரூபம் வெயிட்டு. இந்த மாதிரி பீடம் கோவில்லயே இல்ல. நீ போய் சுண்டலப் பாரு."

நான் சுண்டலைப் பார்த்தேன். பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். வேறு யாரையும் அங்கே நிற்க விடவில்லை.

வீடு நிறைந்திருந்தது. ஃபாதர் வந்திருந்தார். பெரியத்தான் தாம் கொண்டுவந்த கேசட்டைப் போட்டுவிட்டு, முன்வரிசையில் முழந்தாளிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். மேளம் சேர்ந்ததும் சுரூபம் நடுங்கியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பெரியத்தானுக்கு முதுகைக் காட்டித் திரும்பத் தொடங்கியது.

"மாதா திரும்புறாங்க" என்றார் ஒரு வயதான ஆன்ட்டி. யாரோ விம்மினார்கள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டார்கள். பெரியத்தான் கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் கண்களும் நிறைந்தன. தம் பெட்டியின் மேல் ஓர் அற்புதம் நடக்கிறது என்று அவரும் நம்பினார்.

அவர் முழுதாக நம்பி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். பிறகு மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடது கையால் சுரூபத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஆம்ப்ளிஃபையர் குமிழைக் குறைத்தேன். பிடியை விட்டேன். சுரூபம் அசையாமல் நின்றது. குமிழைக் கூட்டினேன். திரும்பியது. குறைத்தேன். நின்றது.

"அற்புதம் இல்ல, ஆன்ட்டி. பேஸ்" என்றேன். "அத்தான்கிட்ட மத்தியானமே சொன்னேன். சுண்டலப் பாக்கச் சொன்னாங்க."

முதலில் சிரித்தது ஃபாதர். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பெரியத்தானின் காது மடல்கள் சிவந்ததை நான் நிதானமாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"அண்ணே, பெட்டிய இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் ஃபாதர். "மாதா இன்னும் நெறைய வீட்டுக்குப் போகணும்."

சுரூபத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். மீதிப் பாட்டுகள் என் சின்ன ஸ்பீக்கர்களில், குறைந்த சத்தத்தில் ஓடின. "இப்பத்தாம்மா வார்த்தை புரியுது. இவ்வளவு நேரம் இடிதான் கேட்டுச்சு" என்றார் அந்த ஆன்ட்டி. மேளச் சத்தத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் தோளில் அழுதுகொண்டிருந்த குழந்தையும் தூங்கிப்போய், செபமாலை முடியும்வரை விழிக்கவில்லை.

கணவரின் அண்ணனைச் சபையில் அப்படி நிறுத்தியிருக்கலாமா என்று என் அம்மா கேட்டார். தோழிகளும் கேட்டார்கள். நான்கூட என்னையே கேட்டுப் பார்த்தேன், எல்லாவற்றையும் கேட்கிற வழக்கத்தில். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு பெரியத்தான் பெட்டியைத் தனியாக வாசலுக்குத் தள்ளினார். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. இரண்டு மாடி படியில் இறக்கினால்தான் லிஃப்ட். முதல் படியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "தம்பி, ஒரு கை பிடிடா" என்று கூப்பிட்டார். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். நான் தொட்டிலிலிருந்து தூங்கும் குழந்தையை எடுத்து, என் கணவரின் இரண்டு கைகளிலும் வைத்தேன்.

"ஆடாம பிடிங்க" என்றேன். "இப்பத்தான் தூங்குது."